மூன்று நாள் வேலையா, ரிடண்டன்சி பணமா: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி சுருக்கமாக இது. இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் 14 ஆண்டாக முழுநேர வேலை, வயது 48. வாரம் 40 மணி, மணிக்கு 15 பவுண்டு. வேலை குறைந்துவிட்டதால் இனி வாரத்துக்கு மூன்று நாள், 24 மணி மட்டும்தான் என்கிறது நிறுவனம். அது வேண்டாம் என்பவர்கள் ரிடண்டன்சி, அதாவது வேலை தேவையில்லாமல் போய் நீக்கப்படுவோருக்குத் தரும் இழப்பீட்டுப் பணம், வாங்கிக்கொண்டு போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

முதலில் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி. அது நிறுவனம் வைத்த கெடு, சட்டம் வைத்ததல்ல. "படித்துப் பார்த்து ஆலோசனை கேட்க இரண்டு வாரம் வேண்டும், சில கேள்விகளுக்கு எழுத்தில் பதிலும் வேண்டும்" என்று இன்றே எச்.ஆருக்கு (பணியாளர் பிரிவுக்கு) மின்னஞ்சல் போடுங்கள். அதுவரை எதிலும் கையெழுத்து வேண்டாம். சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் செய்திக்கு "ஓகே" என்று பதில் போடுவதும் வேண்டாம். ஒப்பந்தத்தை மாற்றச் சம்மதம் வாயாலும் கொடுக்கலாம், செய்கையாலும் கொடுக்கலாம். குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் வாய் திறக்காமல் வேலை செய்தால், ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்றே பிறகு வாதிடுவார்கள். உங்கள் பதில் வருமுன்பே நேரத்தைக் குறைத்துவிட்டால், "இந்த மாற்றத்தை நான் ஏற்கவில்லை, எதிர்ப்புடனேதான் வேலைக்கு வருகிறேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரிக்குப் பெரிய மதிப்பு உண்டு.

அடுத்து, கையில் இருக்கும் கடிதம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். "நேரத்தைக் குறைக்கிறோம்" என்று எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் சொல்லும். சட்டத்தில் அதற்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன, பணமும் அதற்கேற்ப மாறும்.

ஒன்று, தற்காலிக ஷார்ட் டைம். ஒப்பந்தம் 40 மணியாகவே இருக்கும், சில வாரங்களுக்கு மட்டும் வேலை குறைவாகக் கொடுப்பார்கள். இப்படிச் செய்ய நிறுவனத்துக்கு அதிகாரம் வேண்டும். உங்கள் ஒப்பந்தத்திலோ தொழிற்சங்க உடன்பாட்டிலோ ஷார்ட் டைம், லே-ஆஃப் (வேலை தராமல் தற்காலிகமாக நிறுத்திவைப்பது) பற்றிய பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் உங்கள் சம்மதமின்றிச் சம்பளத்தைக் குறைக்க முடியாது.

இரண்டு, ஒப்பந்தத்தையே நிரந்தரமாக 24 மணிக்கு மாற்றுவது.

மூன்று, பழைய வேலை ரிடண்டன்சியில் முடிகிறது என்று நோட்டீஸ் (முன்னறிவிப்பு) கொடுத்து, அதற்குப் பதிலாக 24 மணி வேலை ஒன்றை மாற்று வேலையாகத் தருவது.

இவற்றில் இரண்டாவதுதான் அதிகம் பேரை ஏமாற்றுவது. காரணம் எளிது. ரிடண்டன்சி பணம், வேலை முடியும் சமயத்தில் ஒப்பந்தப்படி உங்கள் வாரச் சம்பளம் எவ்வளவோ அதை வைத்தே கணக்கிடப்படும். பதினான்கு வருடம் முழுநேரம் உழைத்தீர்கள் என்பதற்காகச் சராசரி எடுக்க மாட்டார்கள். இன்று 24 மணிக்கு நிரந்தரமாகக் கையெழுத்துப் போட்டால், அடுத்த ஆண்டு கிடங்கை மூடும்போது உங்களுடைய அத்தனை ஆண்டுகளும் 24 மணிக் கணக்கில்தான் எண்ணப்படும். முதல் வகையில் ஒப்பந்த நேரம் 40 என்றே நிற்பதால் இந்த இழப்பு வராது.

உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். சட்டப்படியான ரிடண்டன்சி இரண்டு ஆண்டு தொடர்ச்சியாக வேலை செய்தவர்களுக்கு உண்டு. 22 வயதுக்கு முந்திய ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் அரை வாரச் சம்பளம், 22 முதல் 40 வயது வரை ஒரு வாரம், 41 வயது முதல் ஒன்றரை வாரம். அதிகபட்சம் 20 ஆண்டுதான் எண்ணுவார்கள். 2025-26இல் வாரச் சம்பளத்துக்கு 719 பவுண்டு உச்சவரம்பு, ஆக எவருக்கும் 21,570க்கு மேல் போகாது. இந்த வரம்பு ஒவ்வொரு ஏப்ரல் 6ஆம் தேதியும் மாறும், வட அயர்லாந்துக்குத் தனி வரம்பு. கீழே வரும் வரி, உதவித்தொகை எண்களும் 2025-26க்கு உரியவையே.

உங்களுக்கு 41 வயதுக்குப் பின் 7 ஆண்டு, அதற்கு முன் 7 ஆண்டு. 7 × 1.5 = 10.5, அதோடு 7. மொத்தம் 17.5 வாரம். வாரம் 600 பவுண்டு என்றால் 10,500 பவுண்டு. அதே 17.5 வாரம் 360 பவுண்டுக் கணக்கில் 6,300தான். ஒரே கையெழுத்தில் 4,200 பவுண்டு போய்விடுகிறது. நோட்டீஸ் காலச் சம்பளமும் இப்படியே. இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு வாரம், அதிகபட்சம் 12 வாரம். உங்களுக்கு 12. இன்றைய சம்பளத்தில் அது 7,200 பவுண்டு, குறைத்த சம்பளத்தில் 4,320. ரிடண்டன்சி தொகைக்கு 30,000 பவுண்டு வரை வருமான வரி கிடையாது. நோட்டீஸ் சம்பளத்துக்கும் எடுக்காத விடுமுறைக்கான பணத்துக்கும் வழக்கம்போல வரி பிடிப்பார்கள்.

இதைப் பார்த்துவிட்டு உடனே ரிடண்டன்சியை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்ய வேண்டாம். மறுபக்கமும் கனமானது.

ஆண்டுக்கு 31,200 பவுண்டு என்றால் வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் (சம்பளத்தில் அரசு பிடிக்கும் காப்பீட்டுச் சந்தா) போக வாரத்துக்கு ஏறத்தாழ 500 பவுண்டு கையில் வரும். 18,720 என்றால் ஏறத்தாழ 327. மொத்தச் சம்பளம் 240 பவுண்டு குறைகிறது, ஆனால் கைக்கு வருவதில் குறைவது 173 பவுண்டுதான். முதல் 12,570 பவுண்டுக்கு வரியில்லை என்பதால் இந்த வித்தியாசம். (பென்ஷன் பிடித்தத்தை இதில் சேர்க்கவில்லை.) சம்பளம் 40 சதவீதம் குறைகிறது என்று பயப்படுவதைவிட, உங்கள் பே ஸ்லிப்பின் அடியில் வரும் தொகை எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வீட்டுச் செலவு அந்தத் தொகையில்தான் நடக்கிறது.

இனி ஓர் ஆண்டை முன்வைத்துப் பார்ப்போம்.

இன்றே ரிடண்டன்சி எடுத்தால் 10,500 பவுண்டும், 12 வார நோட்டீஸ் சம்பளம் வரி போக சுமார் 6,000 பவுண்டும், ஆக 16,500 பவுண்டு.

மூன்று நாள் வேலையில் நின்றால் ஓர் ஆண்டில் கைக்கு வருவது சுமார் 17,000 பவுண்டு. ஆண்டு முடிவில் வேலை போனாலும், அப்போது உங்களுக்கு 15 ஆண்டு சேவை, 49 வயது: 19 வாரம் × 360 = 6,840 பவுண்டு. நோட்டீஸ் 12 வாரம் வரி போக சுமார் 3,920. எல்லாம் சேர்த்து 27,760 பவுண்டு அளவில் வரும்.

இடைவெளி சுமார் 11,260 பவுண்டு. ரிடண்டன்சி எடுத்தவர் அந்த ஆண்டின் மிச்சம் 40 வாரத்தில் இதைப் புது வேலையில் சம்பாதித்தால்தான் இரண்டும் சமம். புது வேலை வாரம் 450 பவுண்டு, கைக்கு சுமார் 392 என்று வைத்துக்கொள்வோம். 29 வாரம் வேலை செய்ய வேண்டும். அதாவது நோட்டீஸ் முடிந்து 11 வாரத்துக்குள் புது வேலையில் சேர்ந்துவிட வேண்டும். வேலை தேடுவோருக்கான நியூ ஸ்டைல் ஜே.எஸ்.ஏ. என்ற உதவித்தொகை வாரம் 92.05 பவுண்டு, அதிகபட்சம் 182 நாளுக்குக் கிடைக்கும். அதையும் சேர்த்தால் 14 வாரம் வரை தாக்குப்பிடிக்கலாம். மாறாக, மூன்று நாள் வேலையில் இருந்துகொண்டே மிச்ச நாளில் இன்னோர் இடத்தில் வாரம் 8 மணி, மணிக்கு 12.50க்கு வேலை பார்த்தால் வரி போக 80 பவுண்டு கூடும். அந்த 40 வாரம் மட்டும் அதைச் செய்தாலும், ஜே.எஸ்.ஏ. இல்லாத கணக்கில் ரிடண்டன்சி எடுத்தவருக்குக் கிடைக்கும் அவகாசம் 11 வாரத்திலிருந்து மூன்று வாரமாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது வேலை பற்றி ஒரு தகவல்: அதற்கு வரிக் குறியீடு பெரும்பாலும் பி.ஆர். என்று வரும், முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிப்பார்கள். அது தவறில்லை, உங்கள் வரியில்லா வரம்பு முதல் வேலையிலேயே தீர்ந்துவிட்டது. நேஷனல் இன்ஷூரன்ஸ் மட்டும் வேலைக்கு வேலை தனியாகப் பார்க்கப்படும். வாரம் 242 பவுண்டுக்குள் இருக்கும் இரண்டாவது வேலையில் அது பிடிக்கப்படாது. வேறு இடத்தில் வேலை செய்ய உங்கள் ஒப்பந்தம் தடை போடுகிறதா என்று பார்த்து, இருந்தால் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

ஆகவே பணக் கணக்கு வந்து நிற்கும் இடம் இதுதான்: உங்கள் ஊரில், உங்கள் உடல்நிலையில், ஐந்தாறு மாதத்துக்குள் இதையொட்டிய சம்பளத்தில் வேலை கிடைக்குமா? ஃபோர்க்லிஃப்ட் உரிமம் இருக்கிறது, பக்கத்தில் நான்கு கிடங்குகள் ஆள் எடுக்கின்றன என்றால் ரிடண்டன்சி பக்கம் சாயலாம். முதுகுவலியோடு ஆங்கிலமும் தடுமாற்றம், பதினான்கு வருடத்தில் வேறு நேர்முகத் தேர்வுக்கே போனதில்லை என்றால், மூன்று நாள் வேலையைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளில் தேடுவதே என் பார்வையில் சரி. புது இடத்தில் ரிடண்டன்சி உரிமை மீண்டும் வர இரண்டு ஆண்டு ஆகும் என்பதையும் தராசில் வையுங்கள்.

இப்போது ஷார்ட் டைம் வகைக்கு வருவோம். "நான்கு வாரம் ஷார்ட் டைமில் வைத்தால் நாமே ரிடண்டன்சி கேட்கலாம்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான், 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தில் அந்த வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஷார்ட் டைம் என்றால், வேலை குறைந்ததால் அந்த வாரச் சம்பளம் வழக்கமான வாரச் சம்பளத்தில் பாதிக்கும் கீழே போக வேண்டும். உங்களுக்கு 40 மணியில் 24 மணி, 60 சதவீதம். பாதிக்கு மேல். எனவே நான்கு வாரம் அல்ல, நாற்பது வாரம் காத்திருந்தாலும் இந்தக் கதவு திறக்காது. இரண்டு நாளாக, 16 மணியாகக் குறைத்திருந்தால் திறந்திருக்கும். மூன்று நாள் என்று நிறுவனங்கள் கணக்காகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாதிக்குக் கீழே போனவர்களுக்கு நடைமுறை இப்படி: தொடர்ந்து 4 வாரம், அல்லது 13 வாரத்துக்குள் மொத்தம் 6 வாரம் ஷார்ட் டைமிலோ லே-ஆஃபிலோ இருந்திருக்க வேண்டும். கடைசி வாரம் முடிந்து 4 வாரத்துக்குள், ரிடண்டன்சி கோரப்போவதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். 7 நாளுக்குள் நிறுவனம் எதிர் அறிவிப்புத் தரலாம். அடுத்த 4 வாரத்துக்குள் வேலை தொடங்கி, குறைந்தது 13 வாரம் குறையில்லாமல் நடக்கும் என்று அவர்கள் எதிர்பார்த்தால் கோரிக்கை நிற்காது, தகராறானால் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். எதிர் அறிவிப்பு வரவில்லையென்றால் அந்த 7 நாள் முடிந்து 3 வாரத்துக்குள் முறையாக நோட்டீஸ் கொடுத்து விலக வேண்டும். இந்தத் தேதிகளில் ஒன்று தவறினாலும் பணம் போய்விடும், ஆகவே காலண்டரில் குறித்து வையுங்கள். இப்படி நீங்களாக விலகினால் நிறுவனம் தர வேண்டிய 12 வார நோட்டீஸ் சம்பளம் கிடைக்காது. உங்களைப் போன்ற நீண்டகாலப் பணியாளருக்கு அது பெரிய இழப்பு, எனவே இந்த வழி கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டியது.

மூன்றாவது வகை, மாற்று வேலை. இதில்தான் உங்களுக்கு அதிகப் பாதுகாப்பு இருக்கிறது. ரிடண்டன்சி நோட்டீஸ் கொடுத்து, பழைய ஒப்பந்தம் முடியுமுன்பே வேறு நிபந்தனையில் வேலை தந்து, அது 4 வாரத்துக்குள் தொடங்கினால், சட்டப்படி 4 வாரச் சோதனைக் காலம் உண்டு. செய்து பார்த்துப் பொருந்தவில்லையென்றால் அந்த நான்கு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். பழைய வேலை போன தேதியில் ரிடண்டன்சி ஆனதாகவே எண்ணப்படும், கணக்கும் பழைய 600 பவுண்டில் வரும். நான்கு வாரம் என்பது நான்கு காலண்டர் வாரம். நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்து கிடங்கு மூடியிருந்தாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 29ஆம் நாள் சொன்னால் தாமதம். மறுபயிற்சிக்காக மட்டும், முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டு நீட்டிக்கலாம்.

மாற்று வேலை பொருத்தமானது, அதைக் காரணமில்லாமல் மறுத்தீர்கள் என்று ஆகிவிட்டால் ரிடண்டன்சி பணம் கிடையாது. எச்.ஆர். இதைச் சொல்லியே பலரைப் பணிய வைப்பார்கள். சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போகும் வேலையை "பொருத்தமானது" என்று காட்டுவது அவர்களுக்குக் கடினம், மறுத்தது நியாயமில்லை என்று காட்டுவது அதைவிடக் கடினம். இருந்தாலும் மறுக்கும்போது காரணத்தை எண்ணோடு எழுதுங்கள்: மாத மோர்ட்கேஜ் எவ்வளவு, புதிய சம்பளம் எவ்வளவு, எவ்வளவு துண்டு விழுகிறது என்று. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் வலுவில்லை.

"ஆள் குறையவில்லை, நேரம்தான் குறைகிறது, எனவே இது ரிடண்டன்சியே இல்லை" என்றும் சில நிறுவனங்கள் சொல்கின்றன. 2012இல் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. கணக்கெழுதும் பணியிலிருந்த ஒருவர் வெகுவாகக் குறைத்த நேரத்தை ஏற்க மறுத்ததால் நீக்கப்பட்டார். ஆள் எண்ணிக்கை குறையாவிட்டாலும், தேவைப்படும் வேலையின் அளவு குறைந்து அதனால் நீக்கினால் அது ரிடண்டன்சிதான் என்று தீர்ப்பு வந்தது. எச்.ஆர். இந்த வாதத்தை எடுத்தால் அந்தத் தீர்ப்பை மின்னஞ்சலில் குறிப்பிடுங்கள்.

இனி நிறுவனத்தின் நிலைமை. இதைப் பணக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். நிறுவனம் திவாலானால் சட்டப்படியான ரிடண்டன்சியை அரசின் நேஷனல் இன்ஷூரன்ஸ் நிதியிலிருந்து கோரலாம். 8 வாரம் வரை சம்பளப் பாக்கி, 6 வாரம் வரை விடுமுறைப் பணம், சட்டப்படியான நோட்டீஸ் ஆகியவையும் வார உச்சவரம்புக்குள் உண்டு. ஆனால் சட்டத்துக்கு மேலாக நிறுவனம் தருவதாகச் சொன்ன கூடுதல் தொகையை அரசு தராது. இன்று உங்கள் மேசையில் இருப்பது வெறும் 10,500 என்றால், நிறுவனம் தடுமாறினாலும் அந்த உரிமை பெரும்பாலும் தப்பும். 20,000, 25,000 என்று கூடுதலாகத் தருகிறார்கள், நிறுவனமோ தள்ளாடுகிறது என்றால், அந்தக் கூடுதல் பணம் அடுத்த ஆண்டு இருக்காது. அந்த நிலையில் எடுத்துக்கொண்டு போவதே மேல் என்பேன். கூடுதல் தொகைக்கு, இனி வழக்குப் போட மாட்டேன் என்ற செட்டில்மென்ட் உடன்படிக்கையில் கையெழுத்துக் கேட்பார்கள். தனியான ஆலோசகர் ஒருவர் உங்களுக்கு விளக்காமல் அது செல்லாது. அதற்கான கட்டணத்தை வழக்கமாக நிறுவனமே கொடுக்கும், கேட்டு வாங்குங்கள்.

யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்குபவர்களும் வாங்க நினைப்பவர்களும் கவனிக்க: ரிடண்டன்சி தொகை சேமிப்பாக எண்ணப்படும். சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் போனால் கிடையாது. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 குறையும். வேறு சேமிப்பில்லாமல் உங்கள் 10,500 மட்டும் என்றால் மாதம் 78.30 குறையும். ஏற்கெனவே 8,000 சேர்த்து வைத்திருந்தால் 18,500 ஆகிவிடும், ஒன்றும் வராது. கையிலுள்ள கடனை அடைத்தால் பணத்தை வேண்டுமென்றே தீர்த்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ரசீதை மட்டும் வைத்திருங்கள். நகை வாங்கினாலோ ஊருக்கு அனுப்பினாலோ கேள்வி வரும். தானாக முன்வந்து ரிடண்டன்சி எடுத்ததற்காக உதவித்தொகையைத் தண்டனையாக நிறுத்த முடியாது. மோர்ட்கேஜுக்கு வேலையிழப்பு இன்ஷூரன்ஸ் கட்டியிருந்தால் விஷயம் வேறு: தானாக முன்வந்து எடுத்த ரிடண்டன்சிக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. பெயரைக் கொடுக்கும் முன் பாலிசியைப் படியுங்கள்.

வீசா. நம்மவர்களுக்கு இதுதான் சில சமயம் பணத்தைவிட முக்கியம். ஸ்கில்ட் வொர்க்கர் வீசாவில் (நிறுவனத்தின் ஸ்பான்சரில் கிடைக்கும் வேலை வீசா) இருப்பவர் நேரக் குறைப்புக்கு ஒப்புக்கொள்ளுமுன் வழக்கறிஞரைப் பார்த்தே ஆக வேண்டும். சம்பள வரம்பு பகுதிநேரத்துக்கு ஏற்பக் குறையாது. 24 மணி என்றாலும் ஆண்டுச் சம்பளம் முழு வரம்பைத் தொட வேண்டும். குறைந்தால் ஸ்பான்சரான நிறுவனம் 10 வேலை நாளுக்குள் உள்துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்கும், வீசாவே கேள்விக்குறியாகும். வேலை போனாலோ பொதுவாக 60 நாள் அவகாசம்தான்.

நிரந்தர வதிவிடமும் குடியுரிமையும் உள்ளவர்களும் ஓரிடத்தில் சிக்குவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ கணவனை, மனைவியை அழைக்க, 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். 31,200இல் இருப்பவர் அதைக் காட்டலாம், 18,720இல் இருப்பவர் ஒற்றைச் சம்பளத்தில் காட்ட முடியாது. அதே நிறுவனத்தில் ஆறு மாதத்துக்கு மேல் நிலையான சம்பளத்தில் இருப்பவருக்குப் பொதுவாக விண்ணப்பத்துக்கு முந்திய ஆறு மாதத்தில் இருந்த ஆகக் குறைந்த சம்பளத்தைத்தான் எடுப்பார்கள். ஆகவே நான்கு வாரக் குறைப்பும் விண்ணப்பத்தைக் கெடுக்கலாம். ரிடண்டன்சி பணமும் வருமானமாகாது. விண்ணப்பம் நெருங்கிக்கொண்டிருந்தால், குறைப்பு தொடங்கும் தேதியைத் தள்ளிப்போடக் கேட்பதே முதல் வேலை.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மகப்பேற்றுச் சம்பளம், பிரசவத் தேதிக்கு 15 வாரம் முந்திய கட்டத்தில் நீங்கள் வாங்கிய எட்டு வாரச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த நேரத்தில் குறைத்த நேரத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். மாற்று வேலை இருந்தால் அதைப் பெறுவதில் உங்களுக்கு முன்னுரிமையும் உண்டு.

மூன்று நாள் வேலையை எடுப்பது என்று முடிவானால், கடிதத்தில் இவை இருக்கும்படி கேளுங்கள். தொடங்கும் தேதி, முடியும் தேதி: "2025 நவம்பர் 3 முதல் 2026 மே 1 வரை, அதன்பின் தானாக 40 மணிக்குத் திரும்பும்" என்பது போல. "மறு அறிவிப்பு வரும்வரை" என்ற சொல் இருந்தால் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். அடுத்தது, இந்தக் காலத்திலோ இதற்குப் பின் 12 மாதத்துக்குள்ளோ ரிடண்டன்சி வந்தால், ரிடண்டன்சியும் நோட்டீஸும் 40 மணிச் சம்பளத்தில் கணக்கிடப்படும் என்ற வாக்கியம். இந்த வாக்கியத்தை நிறுவனங்கள் பலவேளை மறுப்பின்றிக் கொடுத்துவிடும், ஏனென்றால் இன்று அவர்களுக்குச் செலவில்லை. உங்களுக்கோ அது மேலே சொன்ன கணக்கில் 4,560 பவுண்டு ரிடண்டன்சியும் 2,880 பவுண்டு நோட்டீஸும். ஆனால் இதிலும் எச்சரிக்கை: இது நிறுவனம் தரும் வாக்கு, நிறுவனம் திவாலானால் அரசு நிதி அதற்குக் கட்டுப்படாது. முடியும் தேதியும் ஒப்பந்த நேரம் 40 என்பதும் தெளிவாக இருந்தால் அந்த நிலையிலும் உங்கள் கை ஓங்கியிருக்கும். கூடவே, எந்த மூன்று நாள் என்று நிலையாக எழுத வேண்டும். வாரத்துக்கு வாரம் மாறினால் இரண்டாவது வேலை பிடிக்க முடியாது. வேலை கூடினால் ஏஜென்சி ஆள் எடுக்குமுன் உங்களுக்கு நேரம் தர வேண்டும் என்பதையும் கேட்டுப் பாருங்கள். பகுதிநேரம் என்பதற்காக போனஸிலோ பயிற்சியிலோ ஒதுக்க முடியாது, 2000ஆம் ஆண்டு விதிகள் அதைத் தடுக்கின்றன.

ரிடண்டன்சி என்றால், எக்காரணம் கொண்டும் "ராஜினாமா செய்கிறேன்" என்று எழுதாதீர்கள். "தன்னார்வ ரிடண்டன்சிக்கு என்னைக் கருதவும்" என்று மட்டும் எழுதுங்கள். வேலையை முடிப்பது நிறுவனமாக இருக்க வேண்டும், காரணம் ரிடண்டன்சி என்று கடிதத்தில் இருக்க வேண்டும். நோட்டீஸ் காலத்தில் புது வேலை கிடைத்துச் சீக்கிரம் போக வேண்டியிருந்தால், கடைசித் தேதியை முன்னுக்குக் கொண்டுவர எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே போங்கள். சும்மா நின்றுவிட்டால் 10,500 பவுண்டும் போகலாம். நோட்டீஸ் காலத்தில் வேலை தேடவும் நேர்முகத் தேர்வுக்குப் போகவும் நியாயமான அளவு நேரம் கேட்கலாம், அதற்காக மொத்தமாக ஒரு வாரச் சம்பளத்தில் 40 சதவீதம் வரை சம்பளமும் உண்டு.

உங்களோடு 90 நாளுக்குள் 20 பேர் அல்லது அதற்கு மேல் போகிறார்கள் என்றால், முதல் ஆள் போகுமுன் 30 நாள் கலந்தாலோசனை நடத்த வேண்டும். 100 பேர் என்றால் 45 நாள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து என்று இத்தனை பேரை அவசரப்படுத்துவது அந்தக் கடமையோடு ஒத்துப்போகாது. எத்தனை பேருக்கு இந்தக் கடிதம் போயிருக்கிறது என்று சக பணியாளர்களிடம் எண்ணிப் பாருங்கள்.

சம்மதமில்லாமல் சம்பளத்தைக் குறைத்துவிட்டால், பிடித்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள் வேலைத் தகராறுகளைப் பார்க்கும் ஏகாஸ் (Acas) அமைப்பில் சமரசத்துக்குப் பதிய வேண்டும். அதன் பின்தான் தீர்ப்பாயம். சட்டப்படியான ரிடண்டன்சி தொகையைத் தரவில்லையென்றால் அதற்கு ஆறு மாதம். காலக்கெடு மாறக்கூடும் என்பதால் பதியுமுன் ஏகாஸிடம் உறுதி செய்துகொள்ளுங்கள், உதவி எண் 0300 123 1100. பேசும்போது கடைசி மூன்று பே ஸ்லிப், வேலையில் சேர்ந்த தேதி உள்ள ஒப்பந்தம், இப்போது வந்த கடிதம் மூன்றும் மேசைமேல் இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடத்தில் அவர்கள் கேட்பது அவற்றில் இருப்பதைத்தான்.